உலகக் கோப்பை அல்ல, உலக வாகையர் போட்டி

ஐஸ் ஹாக்கி பற்றித் தமிழில் வரும் செய்தி குறைவு. அந்தக் கொஞ்சத்திலும் தவறாமல் வருவது 'ஐஸ் ஹாக்கி உலகக் கோப்பை'. ஆண்டுதோறும் மே மாதத்தில் நாடுகளின் அணிகள் மோதும் உலக சாம்பியன்ஷிப்பைத்தான் இப்படி எழுதுகிறார்கள். தவறு.

'சாம்பியன்' என்ற சொல்லின் வேரைப் பாருங்கள். இலத்தீனில் 'கம்புஸ்' என்றால் வெளி, களம். களத்தில் இறங்கிப் பொருதுபவன் 'கம்பியோ'. பழைய பிரெஞ்சு வழியாக அது 'சாம்பியன்' ஆனது. அதற்கு ஈடாக நமக்கு வாகை இருக்கிறது. வென்றவர்கள் சூடிய பூ அது. தொல்காப்பியம் சொல்லும் புறத்திணைகளில் ஒன்றின் பெயரும் அதுவே. 'வாகை சூடினார்' என்று இன்றும் எழுதுகிறோம். சூடியவர் வாகையர், அவரைத் தீர்மானிப்பது வாகையர் போட்டி.

'ஜெயித்த அணிக்குக் கோப்பைதானே தருகிறார்கள்?' என்று கேட்பார்கள். தெருமுனைக் கபடிப் போட்டியில்கூடத்தான் கோப்பை தருகிறார்கள். பரிசை வைத்தா போட்டிக்குப் பெயர் வைப்பது? சரி, பெயர் எப்படியோ போகட்டும் என்று விடவும் முடியாது. ஏனென்றால் ஐஸ் ஹாக்கியில் 'உலகக் கோப்பை' என்ற பெயரில் உண்மையிலேயே வேறொரு போட்டி இருக்கிறது. வட அமெரிக்காவின் என்எச்எல் லீக்கும் அதன் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து 1996, 2004, 2016 ஆண்டுகளில் நடத்தியது அது. உலக வாகையர் போட்டியோ 1908இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச கூட்டமைப்பு நடத்துவது. 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் ஆட்டங்களையே அதன் முதல் போட்டியாகக் கணக்கில் வைக்கிறார்கள். மேல்பிரிவில் 16 அணிகள். கடைசியில் வருபவை கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். 2024இல் பிராகாவில் செக் அணி சொந்த மண்ணிலேயே வாகை சூடியது.

1996ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வசந்தத்தில் வியன்னாவில் உலக வாகையர் ஆனது செக் குடியரசு. அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்றது அமெரிக்கா. இரண்டையும் 'உலகக் கோப்பை' என்றே எழுதினால் படிப்பவர் யாரை நம்புவார்? போதாக்குறைக்கு, வெறுமனே 'ஹாக்கி உலகக் கோப்பை' என்றால் நம்மவர்களுக்கு 1975இல் கோலாலம்பூரில் இந்தியா வென்றதுதான் நினைவுக்கு வரும். அது புல்வெளி ஹாக்கி!

இந்த வேறுபாடு நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குத் தெரியாததும் அல்ல. பிரக்ஞானந்தா 2023இல் பாகுவில் இறுதிவரை போனது சதுரங்க உலகக் கோப்பை. குகேஷ் 2024இல் சிங்கப்பூரில் வென்றது உலக சாம்பியன் பட்டம். அங்கே யாரும் குழப்பவில்லை, ஏனென்றால் அந்த ஆட்டத்தில் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. அக்கறை இல்லாத ஆட்டம் வந்தால் கிரிக்கெட்டில் பழகிய சொல்லைத் தூக்கி ஒட்டிவிடுகிறார்கள். இலங்கையில் 'உலகக் கிண்ணம்' என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் இந்தப் போட்டிக்கு அதுவும் பொருந்தாது. வாகையர் வேண்டாம் என்றால் 'உலக சாம்பியன்ஷிப்' என்றே எழுதுங்கள். பொருள் மாறிய தமிழைவிடப் பொருள் மாறாத கடன்சொல் மேல்.

அப்புறம், தூய தமிழ் என்று நினைத்து 'பனி வளைகோல் பந்தாட்டம்' என்று எழுதுபவர்களுக்கும் ஒன்று: அந்த ஆட்டத்தில் பந்தே கிடையாது. மட்டையால் அடிப்பது தட்டையான ரப்பர் வட்டு. 'பனி வளைகோலாட்டம்' என்று நிறுத்திக்கொள்ளலாமே.