பேய்க்கண் லென்ஸ் போடும் முன்

கண் மருத்துவம் என் தொழில். குறைந்த செலவில் எடுத்த ரத்தம் தெறிக்கும் பேய்ப்படங்கள் என்றால் எனக்கு உயிர். 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ரத்தமாக வழிவது சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படம், கெட்டியாக வழிந்தால் போதும்! காசில்லாதவர்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த இப்படிப்பட்ட வழிகள்தான் இந்தப் படங்களின் அழகு. நடிப்பு சுமாராக இருக்கும், சட்டையில் இருந்த ரத்தக்கறை அடுத்த ஷாட்டில் காணாமல் போகும். எனக்கு அதெல்லாம் பெரிய குறையாகத் தெரிந்ததில்லை.

நடிகர்களின் உடம்பைப் பணயம் வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1981இல் வெளிவந்த 'தி ஈவில் டெட்' படத்தை அமெரிக்காவின் டென்னசியில், காட்டுக்குள் இருந்த ஒரு பழைய வீட்டில் சாம் ரைமியும் நண்பர்களும் எடுத்தார்கள். பேய்பிடித்தவர்களின் வெள்ளைக் கண்ணுக்காக நடிகர்கள் தடித்த லென்ஸ் போட்டார்கள். போட்டால் எதிரே இருப்பது தெரியாது. ஒரு தடவைக்கு 15 நிமிடத்துக்கு மேல் வைக்கவும் முடியாது. கருவிழியில், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா படலத்தில், ரத்தக்குழாய் கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதை அடைத்தால் கருவிழி வீங்கும், மேல்தோல் உரியும், கிருமி உள்ளே புகும்.

சில மாதங்களுக்கு முன் குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர், கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்தார். ஆன்லைனில் வாங்கிய ஒரே ஜோடி வெள்ளை லென்ஸை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இடையில் கழுவியது குழாய்த் தண்ணீரில். வலி வந்ததும் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து விட்டிருக்கிறார். கருவிழியில் புண். நல்லவேளை, ஓரத்தில் இருந்தது. நடுவில் வந்திருந்தால், ஆறினாலும் தழும்பு பார்வையை மறைத்திருக்கும்.

அலங்கார லென்ஸ் என்றாலும் கண்ணை அளந்துதான் வாங்க வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் போடவே கூடாது. லென்ஸில் தண்ணீர் படக்கூடாது, எச்சிலும் கூடாது. போலி ரத்தம் கண்ணில் தெறித்தால் உடனே கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகும் வலியோ கூச்சமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள். பூஞ்சைப் புண்ணாக இருந்தால் அது இன்னும் மோசமாகிவிடும்.

அந்தத் தம்பிக்கு இன்னும் ஒரு காட்சி பாக்கி. நடிகரைக் கண்ணை மூடச் சொல்லி, இமைக்கு மேல் மேக்கப்பில் வெள்ளைக் கண் வரைந்து பாருங்கள் என்றேன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, லென்ஸைவிட பயமாக இருக்கிறது டாக்டர் என்று போனில் சொன்னார்.