குடோன் இருக்கிறது, சாவி யாரிடம்?

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள், வேளச்சேரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், முழங்கால் தண்ணீரில் நின்றபடி சர்வர்களிலிருந்து ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக உருவினோம். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே மார்க்கரால் எண் போட்டு, மூன்றாவது மாடிக்குத் தலையில் சுமந்தோம். கீழ் வரிசையில் இருந்த டிஸ்க்குகள் தப்பவில்லை. மெஷின் மூழ்கினால் டேட்டாவும் மூழ்கும் என்றிருந்த காலம் அது.

இன்று நான் கவனித்துக்கொள்ளும் டேட்டாபேஸ் கிளவுடில், ஒரு கிளஸ்டரில் ஓடுகிறது. கிளஸ்டர் என்றால் சேர்ந்து வேலை செய்யும் சில சர்வர்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் செத்தாலும் புதிய மெஷின்களில் அந்த டேட்டாபேஸைச் சில நிமிடங்களில் எழுப்பிவிட முடியும்.

சவுகார்பேட்டை கோவிந்தப்ப நாயக்கன் தெருவின் மொத்த வியாபாரக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கடை எட்டடி அகலம்தான் இருக்கும். சரக்கு மாதவரத்திலோ செங்குன்றத்திலோ குடோனில் கிடக்கும். அன்றாடம் ஓடுகிற சரக்கு மட்டும் கொஞ்சம் கடையில். கடையே எரிந்து போனாலும் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை பிடித்து வியாபாரத்தைத் தொடரலாம். வெர்ட்டிகா என்ற டேட்டாபேஸின் இயான் முறையும் அதுபோன்றவையும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. இங்கே குடோன் என்பது அமேசானின் எஸ்3 போன்ற, எல்லா சர்வர்களுக்கும் பொதுவான ஸ்டோரேஜ். 2006-ல் வந்த எஸ்3, தன் வழக்கமான வகையில் ஒவ்வொரு ஃபைலையும் குறைந்தது மூன்று தனித்தனி வளாகங்களில் பரப்பி வைக்கிறது. சர்வரில் இருப்பது அடிக்கடி கேட்கப்படும் டேட்டாவின் நகல் மட்டும். அதைக் கேஷ் என்கிறோம்.

இதனால் மிச்சமாகும் நேரத்தைக் கணக்குப் போடலாம். 20 டிபி (டெராபைட்) பேக்கப்பை வினாடிக்கு 10 கிகாபிட் வேகத்தில் இறக்க, லைன் எங்கும் தடங்காமல் ஓடினாலே சுமார் நாலரை மணி நேரம் ஆகும். பொது ஸ்டோரேஜில் சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. புதிய கிளஸ்டர் இறக்க வேண்டியது பேரேட்டை மட்டும்.

அந்தப் பேரேடுதான் கேட்டலாக். ஸ்டோரேஜைத் திறந்து பார்த்தால் நீளநீளமான எண்களே பெயராக, லட்சக்கணக்கில் ஃபைல்கள் தெரியும். எது எந்த டேபிளுக்குச் சொந்தம், எது இன்னும் செல்லும், எது கழிக்கப்பட்டது என்பதெல்லாம் கேட்டலாக்குக்குத்தான் தெரியும். அது தொலைந்தால் 20 டிபியும் சீட்டில்லாத மூட்டைகள்.

எழுதிய ஃபைலை இந்த டேட்டாபேஸ் மறுபடி திருத்துவதே இல்லை. ஒரு வாடிக்கையாளரின் முகவரி மாறினால் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். ‘இந்த வரி இனி செல்லாது’ என்ற குறிப்பும் புதிய வரியும் வேறு ஃபைல்களாகச் சேரும். அந்த ஃபைல்கள் குடோனுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே கமிட், அதாவது மாற்றத்தை உறுதியாகப் பதிவு செய்வது, நடக்கும். ஆகவே எந்த நொடியில் கரண்ட் போனாலும் அரைகுறையாக எழுதிய ஃபைல் கேட்டலாக்கில் ஏறியிருக்காது. எனக்கு இந்த வடிவமைப்பிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கேட்டலாக்கின் நகலைச் சர்வர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஸ்டோரேஜுக்கு அனுப்பும். எல்லாம் ஒரே நேரத்தில் அனுப்புவதில்லை. டேட்டாவின் ஒரு துண்டுக்கு 1045-ம் கமிட் வரை பதிவு வந்திருக்கும், இன்னொன்றுக்கு 1042 வரை, மூன்றாவதற்கு 1044 வரை. எழுப்பும்போது எல்லாத் துண்டுகளுக்கும் பதிவு இருக்கும் கடைசி எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே 1042. அதற்குப் பிந்தைய கமிட்கள், அவற்றின் ஃபைல்கள் குடோனில் கிடந்தாலும், கணக்கில் வராது. மெஷின்கள் தங்கள் டிஸ்க்கோடு மொத்தமாகப் போய்விட்டால் கடைசிச் சில நிமிட வேலை போகும். இதை டேட்டாவின் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது சாவி. பழைய கடைக்காரர் இன்னும் சீட்டு எழுதிக்கொண்டிருக்க, புதிய கடைக்காரரும் அதே குடோனுக்குச் சீட்டு எழுதினால் என்ன ஆகும்? இரண்டு கிளஸ்டரும் 1043 என்று ஆளுக்கொரு கமிட் போடும். ஒன்று வேண்டாத ஃபைல் என்று அழிப்பது, இன்னொன்றுக்கு உயிரான ஃபைலாக இருக்கும். இதைத் தடுக்கத்தான் லீஸ். ஓடும் கிளஸ்டர், ‘இத்தனை மணி வரை இது என் பொறுப்பில்’ என்று ஸ்டோரேஜில் ஒரு சின்ன ஃபைலில் எழுதி, அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த நேரம் கடக்கும் வரை வேறு கிளஸ்டரை எழுப்ப முடியாது.

தரமணியில் ஒருநாள் இரவு, சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு டேட்டாபேஸில் இதைப் பழகிக்கொண்டிருந்தோம். பழைய மெஷின்களை அணைத்தாயிற்று. எழுப்பச் சொன்னால், லீஸ் முடியவில்லை என்று மறுத்தது. ஃபைலில் 2:25 என்றிருந்தது. காத்திருந்தோம். 2:26-க்கும் மறுத்தது.

“அண்ணா, லீஸைப் பாக்காம ஓட்டுற ஆப்ஷன் இருக்குல்ல, போட்டுடவா?” என்றான் கூட இருந்த பையன்.

“இருப்பா. அந்த ஃபைலை இன்னொரு தடவை திற.”

2:35 என்றிருந்தது. செத்த கிளஸ்டர் கையெழுத்துப் போடாது. நாங்கள் அணைத்தது போன மாதப் பட்டியலில் இருந்த மெஷின்களை. இடையில் அந்த டேட்டாபேஸைப் புதிய மெஷின்களுக்கு மாற்றியிருந்தோம், பட்டியலை மாற்றவில்லை. உண்மையான கிளஸ்டர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆப்ஷனைப் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே குடோனைக் கிளறியிருக்கும். பையன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவசரத்தில் அந்த ஆப்ஷனைத் தொடுவதில்லை என்று அன்று முடிவெடுத்தேன்.

வெர்ட்டிகாவில் இன்னொரு விதி: பழைய கிளஸ்டரில் எத்தனை முதன்மை சர்வர்கள் இருந்தனவோ அத்தனையே புதியதிலும் வேண்டும். கூட்டுவதோ குறைப்பதோ எழுந்த பிறகுதான்.

பொது ஸ்டோரேஜ் இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு மனசு பதறுகிறது. யாராவது தவறான டேபிளை அழித்தால் ஸ்டோரேஜ் அந்த அழிப்பையும் விசுவாசமாகக் காப்பாற்றும். ஸ்டோரேஜில் நம் ஃபைல்கள் எல்லாம் கிடக்கும் பக்கெட்டையே அழித்தால் எழுப்ப ஒன்றுமே இருக்காது. தனிப் பேக்கப், தனிக் கணக்கில், முடிந்தால் வேறு ஊரில் வேண்டும். மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய கிளவுட் மையம் சென்னையில் இருக்கிறது. அதற்கு இணையாக வைக்கப்பட்டிருப்பது புனேயில் இருக்கும் மையம். இரண்டு ஊரிலும் ஒரே புயல் அடிக்காது.

உண்மையான கிளஸ்டரை அணைத்து, லீஸ் முடியக் காத்திருந்து, மூன்றேகால் மணிக்கு எழுப்பினோம். எழுந்தது. ஆனால் கேஷ் காலி. வழக்கமாகச் சில வினாடிகளில் வரும் ரிப்போர்ட், ஒவ்வொரு ஃபைலையும் குடோனிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்ததால் நான்கு நிமிடம் எடுத்தது. இரண்டாம் முறை இருபது வினாடி. மூன்றாம் முறை பையன் எண்டர் தட்டி, டீ கிளாஸைக் கையில் எடுப்பதற்குள் வந்துவிட்டது.