காங் ரெக்ஸோட வாய பிளக்கக் கூடாது, மூடணும்

ஞாயித்துக்கிழம காலையில சிங்கப்பூர்ல எங்க புளோக்குக்குக் கீழ காப்பிக்கடையில பிராட்டா சாப்பிட்டுக்கிட்டு இருந்தப்ப, சினிமாவுல வர்ற ராட்சசக் கொரில்லா கிங் காங்குக்கும் டி ரெக்ஸ் டைனோசருக்கும் சண்டை வந்தா யாரு ஜெயிப்பாங்கன்னு அண்ணன் பையன் ஆரம்பிச்சான், "சித்தப்பா, காங்தான் ஜெயிக்கும், ரெக்ஸோட வாய ரெண்டு கையால புடிச்சு பிச்சிடும்ல" அப்படின்னு. அவனுக்குப் பத்து வயசு. பக்கத்து மேசையில தே ஓ குடிச்சிக்கிட்டு இருந்த அங்கிள் ஒருத்தரு யாரும் கேக்காமலே "டைனோசர்தான்"னு தீர்ப்பு சொல்லிட்டாரு. நான் சொன்னேன், ரெண்டு பேருமே இருங்க, காங் ஜெயிக்கலாம், ஆனா வாய பிளக்குறதுதான் அது பண்ற பெரிய தப்பு.

முதல்ல எந்த காங்னு முடிவு பண்ணனும், ஏன்னா இந்தக் குரங்கு படத்துக்குப் படம் வளந்துக்கிட்டே போகுது. 1933ல வந்த முதல் படத்துலயே தீவுல 18 அடி, நியூயார்க் வந்ததும் 24 அடி, காட்சிக்கு என்ன தேவையோ அந்த உயரம். 2017ல 104 அடி, அதாவது நம்ம எச்டிபி அடுக்குமாடி வீட்டுக் கணக்குல 11 மாடி. 2021ல 337 அடி, 50 மாடி பினாக்கிள் அட் டக்ஸ்டன் கட்டடத்துல மூணுல ரெண்டு பங்கு உயரத்துல இருந்து சிகரெட் புடிக்கிறவரு மூஞ்சிக்கு நேரா அது மூஞ்சி வரும். அந்த சைஸ்ல எல்லாம் பேச அறிவியலே இல்ல, அதனால 2005 படத்து 25 அடி காங்க எடுத்துக்குவோம், ஏறக்குறைய 7.6 மீட்டர், ரெண்டே முக்கா மாடி.

ஒரு பெரிய ஆம்பள கொரில்லா நிமிந்து நின்னா சுமார் 1.7 மீட்டர், எடை 180 கிலோன்னு வைங்க. 7.6ங்கிறது அதுல நாலரை மடங்கு. அப்ப எடையும் நாலரை மடங்கா, 800 கிலோ சொச்சமான்னு கேட்டா இல்ல, இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. அண்ணி கேசரி பண்ணி தட்டுல கொட்டி சதுரமா வெட்டுவாங்கல்ல, ஒரு துண்டு நீளம் அகலம் உயரம் மூணையும் ரெண்டு மடங்கு ஆக்கினீங்கன்னா தட்டுல அது புடிக்கிற இடம் 4 மடங்கு, ஆனா கேசரி 8 மடங்கு. எடை மூணு பக்கமும் ஏறுது, அதத் தாங்குற அடிப்பரப்பு ரெண்டு பக்கம்தான் ஏறுது. எலும்பும் அப்படித்தான், எலும்போட பலம் அதோட குறுக்குவெட்டுல இருக்கு. இத 1638லயே கலிலியோ எழுதி வச்சிட்டாரு, பெரிய மிருகத்தோட எலும்பு எவ்வளவு கன்னாபின்னான்னு தடிச்சிருக்கணும்னு படமே போட்டுக் காட்டியிருக்காரு.

காங்குக்குப் போட்டுப் பாருங்க. நாலரைய மூணு தடவ பெருக்கினா 91, 180 கிலோவ அதால பெருக்கினா 16 டன்னு. எலும்போட குறுக்குவெட்டு 20 மடங்குதான் ஏறியிருக்கு. அப்ப எலும்புல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சாதாரண கொரில்லா எலும்பு தாங்குறதப் போல நாலரை மடங்கு தாங்கணும். பாலூட்டிங்க ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பு உடையுற எல்லைக்கு முன்னாடி ரெண்டுலேர்ந்து நாலு மடங்கு வரைக்கும்தான் மிச்சம் வச்சிருக்கும். அதனால காங் சும்மா நிக்கலாம், மெதுவா நடக்கலாம், ஆனா படத்துல பண்ற மாதிரி பள்ளத்தாக்குல எகிறிக் குதிச்சா ரெக்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல, தொடை எலும்பு அங்கயே முடிஞ்சிடும். யானை இதோட பாதி எடை கூட கிடையாது, அதுவே நாலு காலும் தரைய விட்டு எழும்புற மாதிரி குதிக்கிறதில்ல. ஜே பி எஸ் ஹால்டேன்னு ஒரு உயிரியல்காரரு 1926லயே இதப் பத்தி அருமையா ஒரு கட்டுரை எழுதினாரு, சின்னப் பிராணி உயரத்துலேர்ந்து விழுந்தா எழுந்து போயிடும் பெரியது போய்ச் சேந்துடும்னு, அந்த மனுஷன் 1957ல இந்தியாவுக்கே குடிவந்து புவனேஸ்வர்ல காலமானாருங்கிறது கூடுதல் செய்தி.

பையன் மூஞ்சி தொங்கிப் போச்சு. "அப்ப டைனோசர் மட்டும் எப்படி சித்தப்பா அவ்ளோ பெருசா இருந்துச்சு?" நல்ல கேள்வி, இதுக்குப் பதில் கெண்ட் ரிட்ஜ்ல நிக்குது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துல 2015லேர்ந்து மூணு நீளக்கழுத்து டைனோசர் இருக்கு, பிரின்ஸ், அப்பலோனியா, டுவிங்கின்னு பேரு, அமெரிக்காவுல வயோமிங்ல தோண்டி எடுத்தது, பிரின்ஸ் மட்டும் 27 மீட்டர் நீளம். அடுத்த தடவ போனா வால விட்டுட்டு கழுத்தெலும்ப உத்துப் பாருங்க, இந்த வகை டைனோசருக்கு முதுகெலும்புல குழி குழியா சொரண்டி எடுத்தாப்ல இருக்கும். அதெல்லாம் காத்துப்பை போன இடம். இன்னிக்குப் பறவைங்களுக்கு நுரையீரல்லேர்ந்து காத்துப்பை கிளம்பி எலும்புக்குள்ள எல்லாம் போகுது பாருங்க, அதே ஏற்பாடு, உருவம் பெருசு எடை கம்மி. டி ரெக்ஸுக்கும் முதுகெலும்புல இது உண்டு. அதுக்கு மேல அதோட உடம்பு தராசு மாதிரி, இடுப்பு நடுவுல, முன்னாடி தலை பின்னாடி வாலு. காங்குக்கு இந்த வசதி ஒண்ணும் கிடையாது, அது ஒரு சின்ன மிருகத்த ஜெராக்ஸ் மெஷின்ல பெருசு பண்ணது.

அதுக்காக ரெக்ஸையும் ரொம்பத் தூக்கி வைக்க வேணாம். 12 மீட்டர் நீளம், இடுப்பு உயரம் 4 மீட்டர் கிட்ட, எடை 8 டன் சொச்சம், ஆனா அந்த எடையில வேகமா ஓடணும்னா உடம்புல பெரும்பங்கு கால் தசையாவே இருந்தாகணும்னு 2002ல கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க, அதனால ஜீப்ப விரட்டுறதெல்லாம் சினிமா. வேகமா போய் தடுக்கி விழுந்தாலும் அதுக்கு ஆபத்து, தாங்கிப் புடிக்க அந்தக் குட்டிக் கை பத்தாது. ஆக சண்டை எப்படி இருக்கும்னா ரெண்டு கனத்த உடம்பு மெதுமெதுவா கிட்ட வரும். பெரிய கை கால் வீசி முடிக்கவே நேரம் அதிகம், ஊஞ்சல் கயிறு நீளமானா மெதுவா ஆடுதுல்ல, அதே கணக்குல காங்கோட அடி சாதாரண கொரில்லா அடிய விட ரெண்டு மடங்கு மெதுவாத்தான் வந்து விழும்.

இப்ப வாய் விஷயத்துக்கு வர்றேன். டி ரெக்ஸ் பின்பல்லு ஒண்ணுல 35,000லேர்ந்து 57,000 நியூட்டன் வரைக்கும் கடிச்சிருக்கும்னு 2012ல ஒரு கணக்கு வந்துச்சு, வேற ஆளுங்க போட்ட கணக்கு இத விடக் கம்மி. சரி, 35,000னே வைங்க, மூன்றரை டன்னு. உயிரோட இருக்குற மிருகத்துல அளந்ததுல பெருசு உப்புநீர் முதலை, 16,000 நியூட்டன் சொச்சம். அந்த முதலை நம்ம சுங்கை பூலோ சதுப்புநிலத்துலயே இருக்கு. அத உயிரோட புடிக்கிறவங்க என்ன பண்றாங்க? வாய மூடி டேப்ப சுத்திடுறாங்க, அவ்வளவுதான். சாதாரண டேப்பு! ஏன்னா முதலைக்கு வாய மூடுற தசை கழுத்து வரைக்கும் உப்பிக்கிட்டு மலை மாதிரி இருக்கும், தொறக்குற தசை தாடைக்குப் பின்னாடி ஒரு சின்னத் துண்டு. கடிக்கிறதுக்குத்தானே பலம் வேணும், தொறக்குறதுக்கு எதுக்கு? டைனோசரோட ரொம்ப நெருங்குன உறவு இன்னிக்கு உயிரோட இருக்குறது ரெண்டே கூட்டம், முதலையும் பறவையும், ரெண்டுக்கும் இந்த அமைப்பு இருக்கு, அதனால ரெக்ஸுக்கும் இதேதான்.

இப்ப 1933லேர்ந்து காங் என்ன பண்ணுதுன்னு பாருங்க, எதிரி எதுல பலசாலியோ அதுலயே போய் மோதுது. ஒரு கொரில்லா ரெண்டு கையால 100 கிலோ எடைக்குச் சமமா இழுத்து விரிக்கும்னு வச்சிக்குவோம், தசை பலமும் குறுக்குவெட்டுதான், அதனால காங்குக்கு 20 மடங்கு, 2 டன்னு. தாடையோட முன் நுனியில புடிச்சா நெம்புகோல் கணக்குல கடி பலம் பாதியாயிடும், ஒண்ணே முக்கா டன்னு. அதாவது உசுரக் கொடுத்து இழுத்தா கால் டன் மிச்சத்துல ஜெயிக்கலாம், கை வழுக்குச்சுன்னா வெரலு போச்சு. ஒரு நியாயம் சொல்லணும், தசைய ரொம்ப இழுத்து நீட்டிட்டா அதோட பலம் குறைஞ்சிடும், அதனால ரெக்ஸ் ஏற்கனவே வாய ஆன்னு தொறந்து வச்சிருந்தா அந்த நேரத்துல பிளக்குறது சுலபம். ஆனா அந்த நேரத்துக்காகக் காத்திருக்குறவனுக்கு எதிர்ல 60 பல்லு நிக்குது.

மூடிப் புடிச்சா? ஒரு கையே போதும், வேர்வையே வராது. கொரில்லாவுக்குக் கட்டைவிரல் இருக்கு, சுத்திப் புடிக்கிற கை, இந்தச் சண்டையில காங்குக்கு இருக்குற ஒரே நிஜமான ஆயுதம் அதுதான். அப்புறம் ரெக்ஸ்கிட்ட மிச்சம் இருக்குறது கழுத்து, அது லேசுப்பட்டது இல்ல, 8 டன் உடம்ப பின்னாடி வச்சிக்கிட்டு ஒதறினா காங்கையே ஆட்டிடும். ஆனா காங் ரெண்டு மடங்கு எடை, அப்படியே மேல சாஞ்சு படுத்துட்டா போதும். பாக்குறதுக்குக் கேவலமா இருக்கும், டிக்கெட் விக்காது, ஆனா ஜெயிச்சிடும்.

ஜெயிச்சப்புறம் என்ன சாப்பிடும்னு கேக்காதீங்க, கொரில்லா நாளைக்கு 18 கிலோ வரைக்கும் இலை தழை தின்னும், உடம்பு பெருசாக பெருசாக கிலோவுக்கு இவ்வளவுங்கிற தேவை கொஞ்சம் குறையும், அப்படிப் பாத்தாலும் காங்குக்கு தினமும் அரை டன்னு வேணும். நிஜத்துலயே ஒரு ராட்சசக் குரங்கு இருந்துச்சு, ஜைகான்டோபிதிகஸ், 3 மீட்டர் இருக்கும்னு சொல்றாங்க. 1935ல ஹாங்காங் சீன மருந்துக்கடையில டிராகன் பல்லுன்னு வித்துக்கிட்டு இருந்ததப் பாத்துக் கண்டுபுடிச்சது, சைனாடவுன் பக்கம் மருந்துக்கடை கண்ணாடி ஜாடியப் பாக்குறப்ப எல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான். மண்டாய் மிருகக்காட்சிசாலையில இருக்குற ஒராங் ஊத்தானுக்கு சொந்தம் அது. காடு மாறினப்ப சாப்பாட்ட மாத்திக்கத் தெரியாம ரெண்டு லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே போய்ச் சேந்துடுச்சு.

அண்ணன் பையன் நம்பல. சரிடான்னு அவன் தாடைக்குக் கீழ அவனோட ரெண்டு விரலையே வச்சு அழுத்திக்கிட்டு வாய தொறக்கச் சொன்னேன், முக்கி முக்கிப் பாத்தான், வரல. அந்த அங்கிளும் தே ஓவ வச்சிட்டு தாடையில விரல வச்சிக்கிட்டாரு, பிராட்டா போடுறவரு எங்க மூணு பேரையும் ஒரு மாதிரி பாத்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு பையன் விரல எடுத்தான்.

"ஆனா சித்தப்பா, இது காங்குக்கு எப்படித் தெரியும், அது சுங்கை பூலோ போனதே இல்லல்ல?"