முதல் சம்பளமும் பரோட்டாக் கணக்கும்

"சம்பாதிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பையன் மூஞ்சியில சிரிப்பே இல்ல மேடம்" என்றுதான் அந்த அம்மா பேச்சைத் தொடங்கினார். நான் காரைக்குடியில் வளரிளம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தருகிறேன். கோடை லீவு முடிந்து பள்ளி திறந்ததும் இந்த மாதிரி ஒன்றிரண்டு குடும்பமாவது வந்துவிடும். இந்த வீட்டாரின் சம்மதத்தோடு, ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

பையனுக்கு 16 வயது. பத்தாவது பரீட்சை முடிந்த லீவில், முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் சேர்ந்தான். பித்தளைச் சாமான்களைத் துடைத்து அடுக்குவது, எனாமல் தூக்குவாளிகளில் விலைச் சீட்டு ஒட்டுவது, வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் இது மரவை (மரப் பாத்திரம்), இது அஞ்சறைப் பெட்டி என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்வது, இதுதான் வேலை. ஒரு நாளைக்கு 250 ரூபாய். பள்ளி திறந்த பிறகு சனி, ஞாயிறு மட்டும் போகிறான்.

ஆறாவதிலிருந்து ஒன்றாகத் திரியும் கூட்டாளிகள் மூன்று பேர். முதல் வாரமே ட்ரீட் கேட்டார்கள், வைத்தான். அடுத்த வாரமும் கேட்டார்கள். அப்புறம் இவன் வரும்போதெல்லாம் "முதலாளி வந்துட்டாகடா, எந்திரிங்கடா" என்று ஆரம்பித்தார்கள். பிறகு இவன் இல்லாமல் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப். ஒருவன் 1,200 ரூபாய் கடன் வாங்கிவிட்டு, கேட்டதற்கு "உனக்கென்னடா, சம்பாதிக்கிறவன்" என்று சொல்லியிருக்கிறான். மூன்று மாதச் சம்பளத்தில் கையில் நின்றது ஐந்நூறு ரூபாய்கூட இல்லை. ஆனால் என்னிடம் அவன் பணத்தைப் பற்றி அழவில்லை. "வாங்கிக் குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன் மேடம், குடுக்கக் குடுக்கத் தள்ளித்தான் போறானுங்க" என்றான்.

அவன் சொன்னதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் இவர்கள் ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு பரோட்டா வாங்கி, சால்னாவுக்குச் சண்டை போட்டுச் சாப்பிட்டவர்கள். அந்த இருபது ரூபாய்தான் நாலு பேரையும் ஒரே உயரத்தில் உட்கார வைத்திருந்தது. ஒருவன் மட்டும் பில் கொடுக்க ஆரம்பித்ததும் அவன் கொடுக்கிறவன், மற்றவர்கள் கை நீட்டுகிறவர்கள் என்று ஆகிவிட்டது. சாப்பிடும்போது இனித்தாலும், வீட்டுக்குப் போன பிறகு அது உறுத்தும். நம் ஊர்ப் பக்கம் கோயிலுக்குப் புள்ளி வரி போடுகிற வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளி என்றால் கல்யாணமான ஒரு குடும்பம்; வசதி கூடக் குறைய இருந்தாலும் ஒரு புள்ளிக்கு ஒரே தொகை, அதனால் எல்லோருக்கும் ஒரே உரிமை. பிள்ளைகளின் நட்பும் அப்படி ஒரு கணக்கில்தான் ஓடுகிறது.

இதைவிடப் பெரிய காரணம் வீடுகளில் இருக்கிறது. அந்தக் கூட்டாளிகளின் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று கேட்டேன், பையனே சொன்னான்: "அவங்க வீட்ல எல்லாம் என்னையச் சொல்லியே திட்டுறாக மேடம்." சாப்பிட உட்கார்ந்தால், "அவனும் உன் வயசுதான, சம்பாதிச்சு ஆத்தா கையில குடுக்கிறான், நீ போனை நோண்டிக்கிட்டு இருக்க." தாத்தா இருந்தால் இன்னொரு படி மேலே போய், அந்தக் காலத்தில் சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக் கடை எடுபிடியாக, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய கதை வரும். அந்த உழைப்பு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை அடுத்த வீட்டுப் பையனோடு சேர்த்து ஒரு பதினாறு வயதுக்காரன் தலையில் தினமும் கொட்டினால், அவனுக்கு உழைக்கத் தோன்றாது, அந்த நண்பனைப் பார்த்தாலே எரிச்சல்தான் வரும். மனிதர்கள் தங்களைப் போல இருப்பவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். இங்கே அந்த அளவுகோலைப் பெற்றவர்களே எடுத்துக் கையில் கொடுக்கிறோம். அதனால்தான் "அவனுகளோட சேராத" என்று சொல்லும் பெற்றோருடன் எனக்கு ஒப்புதல் இல்லை. பொறாமைப்படுகிற பிள்ளையும் அடிபட்ட பிள்ளைதான்.

வேலையை நிறுத்திவிடலாமா என்று அம்மா கேட்டார். வேலை நேரத்தை முதலில் பார்ப்போம் என்றேன், ஏனென்றால் பல பெற்றோருக்குச் சட்டம் தெரிவதில்லை. 14 வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கவே கூடாது, சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகள் கூடாது, 2016-ல் வந்த திருத்தம் இதைச் சொல்கிறது. கடை போன்ற இடங்களில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு, எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம், வாரம் ஒரு நாள் விடுமுறை. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலையே கூடாது. கல்யாண வீடுகளில் ராத்திரி ரிசப்ஷனுக்கும் விடியற்காலை டிபனுக்கும் பரிமாறப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பையன் கடையில் நேரம் சரியாக இருந்தது. பித்தளை துலக்க ஆசிட் கொடுக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன், புளிதான் என்றான்.

அப்புறம் நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன வேலை. அவன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி, சம்பளத்தில் பெரும்பகுதி வாராவாரம் அங்கே போனது. கூட்டாளிகளிடம் என்ன சொல்வது என்று என் அறையிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்தோம்: "என் பங்கை நான் போடுறேன்டா, மொத்தமா இனிமே முடியாது." மூஞ்சியைத் தூக்காமல், காரணம் அடுக்காமல், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர்களோடு எடுத்த படங்களை ஸ்டேட்டஸில் போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தினான், இது அவனே எடுத்த முடிவு. ஞாயிறு சாயங்காலம் கிரிக்கெட்டுக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றேன், ஏனென்றால் சில நேரம் பிள்ளைகள் பொறாமை என்று நினைப்பது வெறும் ஏக்கமாக இருக்கும். கூட விளையாட ஆள் வரவில்லையே என்ற கோபம்தான் அது.

கேலி எல்லை தாண்டினால் கதை வேறு. படத்தை மாற்றிப் பரப்புவது, பணம் கேட்டு மிரட்டுவது, பையன் தூங்காமல் சாப்பிடாமல் கிடப்பது, இவை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416, இரண்டுமே இலவசம்.

போன மாதம் வந்தபோது இரண்டு பேர் பழையபடி பேசுகிறார்கள் என்றான். இருபது ரூபாய்க் கணக்கு திரும்ப வந்துவிட்டது. கடன் வாங்கியவன் மட்டும் இன்னும் முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது இவன் அம்மா வாசலில் நின்று, "அந்தப் பையனோட ஆத்தாவும் உங்களைப் பாக்கணும்ங்கிறாக, கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். பையனையும் கூட்டிவரச் சொல்லுங்கள் என்றேன்.