வலி இல்லாவிட்டாலும் ஸ்கேனுக்கு வாருங்கள்

பினாங்கில் ரத்தக்குழாய் ஸ்கேன் எடுப்பது என் வேலை. வயிற்றுப் பெருந்தமனி வீங்கி, தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் (உலோக வலை கொண்ட செயற்கைக் குழாய்) வைத்துக்கொண்டவர்கள் முதல் வருடம் ஒழுங்காக வருகிறார்கள். அப்புறம் பலரைக் காணோம். போன் செய்தால், "வலி ஒண்ணும் இல்லையேம்மா, மறுபடியும் எதுக்கு?" என்கிறார்கள்.

வீங்கிய குழாயை யாரும் வெட்டி எடுக்கவில்லை. அது உள்ளேயேதான் இருக்கிறது. ரத்தம் புதிய குழாய் வழியே போவதால் அதன் சுவரில் அழுத்தம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வீக்கத்துக்குள் ரத்தம் திரும்பப் புகுவதை எண்டோலீக் என்கிறோம். இந்தக் கசிவு பெரும்பாலும் வலிக்காது. முதுகுப் பக்கத்துச் சின்னக் கிளைகளிலிருந்து ரத்தம் எதிர்த்திசையில் வருவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். அதில் பல தானாகவே அடைபடும். வீக்கம் வளராதவரை கண்காணித்தால் போதும். ஆனால் கிராஃப்ட்டின் முனை சுவரை விட்டு விலகினாலோ, அதன் துண்டுகள் கழன்றாலோ, வீக்கம் வெடிக்கும் ஆபத்து உண்டு. அதைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிரிட்டனில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களைத் வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. முதல் 6 மாதங்களில் ஸ்டென்ட் கிராஃப்ட்டே பாதுகாப்பாக இருந்தது. 8 வருடங்களுக்குப் பிறகு ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தவர்களிடையேதான் இறப்பு கூடியது. வீக்கம் பின்னாளில் வெடித்தது ஒரு காரணம். அவை பழைய தலைமுறைக் கிராஃப்ட்டுகள்தான். இருந்தாலும் 'எனக்கு வைத்துப் பல வருடம் ஆச்சு' என்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பழைய ரிப்போர்ட்டைத் தயவுசெய்து கொண்டுவாருங்கள். அரசாங்க மருத்துவமனையிலிருந்து தனியாருக்கு மாறும்போது அது தொலைந்துவிடுகிறது. வீக்கத்தின் இன்றைய அளவு மட்டும் எங்களுக்குப் போதாது. போன முறையைவிட 5 மில்லிமீட்டர் கூடியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

திடீரென்று ஒரு கால் சில்லிட்டு வலித்தால் கிராஃப்ட்டில் அந்தக் காலுக்குப் போகும் கிளை அடைத்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, மயக்கம் என்றால் 999. காரணம் தெரியாத காய்ச்சல் விடாமல் இருந்தால், கிராஃப்ட் இருப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். கிருமி அதில் தங்கக்கூடும்.

சிறுநீரகம் பலவீனமானவர்கள் சிடி ஸ்கேனுக்கு ஏற்றும் மருந்துக்குப் பயந்து எதற்குமே வராமல் இருக்கிறார்கள். வழக்கமான அல்ட்ராசவுண்டுக்கு அந்த மருந்து தேவையில்லை. ஸ்கேன் அன்று காலையில் ரொட்டி சானாய், தே தாரிக் எதுவும் வேண்டாம். வயிற்றில் வாயு நிறைந்தால் குழாய் சரியாகத் தெரியாது. இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் முன்கூட்டியே போன் செய்து, அன்றைக்கு என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.