காயாத வானம்

என் அக்கா மகள் புதுச்சேரியில் ஓவியம் படிக்கிறாள். தை மாதம் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நின்ற ஒரு விசைப்படகை வரைந்தாள். படகு முடிந்து வானத்துக்கு வந்தபோது லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், தீர்ந்துவிட்டது. நான் கடலூர்க்காரன். வீட்டில் மல்லாட்டை எண்ணெய், அதாவது வேர்க்கடலை எண்ணெய், இருக்கும்போது கடைக்கு எதற்கு ஓட வேண்டும் என்றேன். "மாமா சொன்னா சரி" என்று அவளும் அதையே வண்ணத்தில் கலந்துவிட்டாள். நாலு மாதம் ஆகிறது. படகு பத்து நாளில் காய்ந்துவிட்டது. வானம் இன்னும் விரலில் ஒட்டுகிறது. இரண்டு ஈசலும் ஒரு கொசுவும் அதில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன.

கடற்கரை ஈரக்காற்றின் மேல்தான் முதலில் பழி போட்டோம். பாவம், அது எதுவும் செய்யவில்லை.

எண்ணெய் வண்ணம், கொடியில் போட்ட துணியைப் போலக் காய்வதில்லை. துணியில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். எண்ணெய் எங்கும் போகாது. வண்ணத்தை நீர்க்கச் செய்யச் சேர்க்கும் டர்பன்டைன் மட்டும்தான் பறந்துபோகும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து, மெல்ல மெல்ல ஒரு திடப் படலமாக இறுகுகிறது. அதனால் காயத் தொடங்கும் நாட்களில் லின்சீட் படலத்தின் எடை கூடத்தான் செய்யும்.

இதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். காமாட்சி விளக்கைச் சில வாரம் தேய்க்காமல் விட்டால் ஒரு பிசுக்கு ஏறுகிறதே, புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாதே, அது பாதி காய்ந்த நல்லெண்ணெய். புது இரும்பு தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது பிடிக்கும் கறுப்புப் பூச்சும் இதே சங்கதிதான். அங்கே நெருப்பு வேலையை விரைவாக முடித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

சரி, லின்சீட் காய்கிறது, மல்லாட்டை ஏன் காயவில்லை? எண்ணெய் என்பது கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மும்மூன்றாகக் கோத்த ஒரு பொருள். பெரும்பாலான சங்கிலிகளில் 18 கார்பன் அணுக்கள். சில இடங்களில் அடுத்தடுத்த இரு கார்பன்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு இருக்கும். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையில் மாட்டிக்கொண்ட கார்பன்தான் பலவீனமான இடம். அங்குள்ள ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அந்தக் காலி இடத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும். அப்புறம் பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சு விழும். ஒரு முடிச்சு அடுத்த முடிச்சைத் தூண்ட, கடைசியில் மொத்த எண்ணெயும் மீன்வலை மாதிரி ஒரே பின்னலாகிவிடும். வண்ணத்தூள் அந்த வலையில் மாட்டிக்கொள்ளும்.

லின்சீட் எண்ணெயில் பாதி அளவுக்கு லினோலெனிக் அமிலம். அதில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். மல்லாட்டையில் அதிகம் இருப்பது ஓலியிக் அமிலம். அதற்கு ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு. ஒற்றையாக இருந்தால் 'இடையில்' என்று ஓர் இடமே கிடையாதே! இரண்டு பிணைப்புள்ள லினோலிக் அமிலமும் மல்லாட்டையில் கொஞ்சம் உண்டு. ஆனால் வலை பின்ன அது போதாது. நல்லெண்ணெயில் அது இன்னும் அதிகம், அதனால்தான் விளக்கில் பிசுக்கு. தேங்காயெண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் இரட்டைப் பிணைப்பே இல்லாத அமிலங்கள். அதில் வரைந்த படத்தைப் பேரன் தொட்டாலும் கை வழுக்கும்.

எண்ணெய் காறிப்போய்ச் சிக்குவாடை அடிப்பதற்குப் பின்னாலும் இதே வேதியியல்தான் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. சமையல்காரர் தூக்கிக் கொட்டும் குணத்துக்கு ஓவியர் காசு கொடுக்கிறார்.

லின்சீட்டுக்கும் ஒரு குறை உண்டு. நாளாக ஆக மஞ்சளாகும், இருட்டில் வைத்தால் இன்னும் வேகமாக. பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்த ஓவியத்தை எடுத்துப் பார்த்து அதிர்ச்சியடைந்தவர்கள், வெளிச்சமான சன்னல் ஓரம் சில வாரம் வைத்துப் பார்க்கலாம். பெருமளவு தெளிந்துவிடும். வெள்ளை, நீல வண்ணங்களை கசகசா எண்ணெயிலோ குசும்பா எண்ணெயிலோ அரைப்பது இதனால்தான். அவற்றில் லினோலெனிக் அமிலம் மிகக் குறைவு. மஞ்சளாவதும் குறைவு, காய்வதும் மெதுவு.

எண்ணெய் ஓவியத்தைக் கண்டுபிடித்தவர் 15ஆம் நூற்றாண்டின் யான் வான் ஐக் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில், அதற்கு ஏறத்தாழ 800 ஆண்டு முந்தைய ஓவியங்களில், அக்ரூட் எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

நிறத்தின் ஆழமும் எண்ணெயின் வேலைதான். புதுச்சேரிக் கடற்கரையில் கொட்டியிருக்கும் பாறைகளைப் பாருங்கள். அலை நனைத்த பகுதி கன்னங்கரேல், காய்ந்த பகுதி சாம்பல். உலர்ந்த பரப்பில் பட்ட ஒளி நாலாபக்கமும் சிதறி நிறத்தை வெளுக்கடிக்கிறது. ஈரம் அந்தச் சிதறலைக் குறைக்கிறது. வண்ணத்தூளுக்கு எண்ணெயும் இதையே செய்கிறது. தண்ணீர் போய்விடும், எண்ணெய் போகாது.

போன ஞாயிறு வானத்தை டர்பன்டைன் தொட்டுத் துடைத்தெடுத்து, புது லின்சீட்டில் மறுபடி தீட்டினாள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடப் போனவளை இந்த முறை நான்தான் தடுத்தேன். ஆக்சிஜனை இழுக்கும்போது லின்சீட் சூட்டை வெளிவிடும். விரித்த துணியில் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். துணி இப்போது மொட்டைமாடிக் கொடியில், என் வேட்டியிலிருந்து நாலடி தள்ளி, விரித்தபடி தொங்குகிறது.