0.99 வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. ஒரு நிலப்பகுதியின் உயர வரைபட அடுக்கையும் பசுமையைக் காட்டும் என்டிவிஐ தாவரக் குறியீட்டு அடுக்கையும் ஒப்பிட்டு, ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற அளவு; 1 என்றால் முழுமையாக) 0.99 என்று தடித்த எழுத்தில் போட்டு, சரிபார்க்க அனுப்பியிருந்தார்கள். உயரமும் பசுமையும் அப்படிக் கைகோத்து நடக்கும் நிலத்தை நான் பார்த்ததே இல்லை.

கோப்பைத் திறந்தேன். எதிர்பார்த்ததுதான்: -9999.

நிலத்தைப் பிக்சல் என்னும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வைத்திருக்கும் ராஸ்டர் கோப்பு செவ்வகமானது. ஆய்வுப் பகுதியோ கோணல்மாணலாக இருக்கும். எல்லைக்கு வெளியே கிடக்கும் பிக்சல்களில் ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கு அடையாளமாக -9999 போடுகிறார்கள். அது அடையாளம்தான் என்று கோப்பிலேயே பதிவாகியிருக்க வேண்டும். ஏற்றுமதியில் அந்தப் பதிவு தொலைந்தால், கடல்மட்டத்துக்கு 9999 மீட்டர் கீழே நிலம் இருப்பதாக மென்பொருள் நம்பிவிடும். -1க்கும் 1க்கும் இடையில் நிற்க வேண்டிய என்டிவிஐயிலும் அதே -9999. சிதறல் வரைபடம் போட்டால் உண்மையான பிக்சல்கள் எல்லாம் ஒரு மூலையில் குவிந்திருக்கும். வெற்றுப் பிக்சல்கள் எதிர்மூலையில் ஒரே புள்ளியாக நிற்கும். இரண்டையும் இணைத்தால் நேர்கோடு வராமல் வேறென்ன வரும்? நீங்கள் அளந்தது உயரத்துக்கும் பசுமைக்கும் உள்ள உறவை அல்ல, இரண்டு கோப்புகளையும் ஒரே எல்லையில் வெட்டியிருக்கிறீர்கள் என்பதை. வெற்றுப் பிக்சல்களை நீக்கியதும் கெழு 0.2ஐக்கூடத் தாண்டவில்லை.

“மென்பொருளே விலக்கிவிடாதா சார்?” விலக்கும், எது வெற்று என்று அதற்குத் தெரிந்தால். மோடிஸ் செயற்கைக்கோள் கருவியின் என்டிவிஐயில் வெற்று எண் -3000. அதைக் கவனிக்காமல், உண்மை மதிப்பைப் பெற வழக்கம்போல 10,000ஆல் வகுத்தால் -0.3 ஆகி, நல்ல பிள்ளைபோல மற்ற எண்களோடு உட்கார்ந்துகொள்ளும். (வகுப்பதால் மட்டும் கெழு மாறாது. அந்தப் பயம் வேண்டாம்.)

நிலப்பயன்பாட்டு அடுக்கைத் தயவுசெய்து பியர்சன் கெழுவுக்குள் (இதுவரை பேசிய அதே ஒட்டுறவுக் கெழு) தள்ளாதீர்கள். காடு 1, வயல் 2, குடியிருப்பு 3 என்பவை பெயர்கள், அளவுகள் அல்ல. சரிவு நோக்கும் திசையும் அப்படித்தான் ஏமாற்றும்: 359 பாகையும் 1 பாகையும் அடுத்தடுத்த திசைகள், கணக்கிலோ இரு துருவங்கள்.

1 கிலோமீட்டர் பிக்சல் கொண்ட மழை அடுக்கை 30 மீட்டர் பிக்சல்களாக மறுமாதிரி எடுத்தால் ஒரு பிக்சல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாகும். தகவல் ஒரு துளியும் கூடாது. அந்த எண்ணிக்கையை வைத்துப் புள்ளியியல் முக்கியத்துவம் பேசுவது ஒரே சாட்சியை ஆயிரம் முறை கூண்டில் ஏற்றுவது. நுண்ணிய அடுக்கைப் பருமனானதற்கு இறக்குங்கள். அப்போதும் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும் என்பதால், பிக்சல் எண்ணிக்கையை மாதிரி எண்ணிக்கையாக எழுதாதீர்கள்.

அடுத்த முறை கெழுவோடு இரு அடுக்குகளின் குறும, பெரும மதிப்புகளையும் சிதறல் வரைபடத்தையும் அனுப்புங்கள். அவை இல்லாமல் வரும் 0.99ஐ இனி நான் திறக்கப் போவதில்லை.